வயிற்றில் குழந்தை 'பெருசா' இருக்கிறதா? தேதிக்கு முன்பே வலி வர வைக்கலாமா? ஆய்வுகள் சொல்வது என்ன?

37-வது வாரத்து ஸ்கேன் ரிப்போர்ட் கைக்கு வருகிறது. குழந்தையின் உத்தேச எடை 3.7 கிலோ. "குழந்தை கொஞ்சம் பெருசா இருக்கு. அடுத்த வாரமே அட்மிட் ஆகிடுங்க, வலி வர மருந்து வெச்சுப் பார்க்கலாம்" என்கிறார் டாக்டர். "நாங்கள்லாம் தானா வலி வந்துதானே பெத்தோம்" என்பார் மாமியார். "எதுக்கு ரிஸ்க், ஆபரேஷனே பண்ணிடலாம்" என்பார் கணவர். முடிவெடுக்க இருப்பதோ நான்கைந்து நாள்.

இந்தக் கேள்விக்காகவே பிரிட்டனில் ஒரு பெரிய ஆய்வு நடந்து, அதன் முடிவு 2025 மே மாதம் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. பெயரே 'பிக் பேபி' ஆய்வுதான். அது என்ன சொல்கிறது என்று பார்க்கும் முன், டாக்டர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்பதைப் புரிந்துகொள்வோம்.

தலை வந்த பிறகு தோள் சிக்கினால்?

பெரிய குழந்தை என்றதும் "தலை வெளியே வருமா?" என்றுதான் நாம் யோசிப்போம். டாக்டர்களின் கவலை தோள்பட்டையைப் பற்றியது. தலை வெளியே வந்த பிறகு, தாயின் இடுப்பெலும்பின் முன்பகுதியில் குழந்தையின் தோள் சிக்கிக்கொள்வதை 'ஷோல்டர் டிஸ்டோசியா' என்கிறார்கள். சில நிமிடங்களுக்குள் குழந்தையை எடுத்தாக வேண்டும். தாயின் கால்களை மடக்கி வயிற்றோடு சேர்த்து வைத்து, அடிவயிற்றில் அழுத்தம் கொடுத்தாலே பெரும்பாலான குழந்தைகள் வந்துவிடும். சில குழந்தைகளுக்குத் தோள் எலும்பு முறியலாம், கைக்குப் போகும் நரம்பு இழுபட்டு கை அசையாமல் போகலாம். நரம்புக் காயம்பட்டவர்களிலும் 10-ல் 9 பேருக்கு மேல் சரியாகிவிடுகிறது. மிக அரிதாக மூச்சுத் திணறி மூளை பாதிக்கப்படுவதும், உயிரிழப்பும் உண்டு.

இன்னொரு விஷயமும் உண்டு. இப்படித் தோள் சிக்கும் பிரசவங்களில் கிட்டத்தட்ட பாதியில் குழந்தையின் எடை 4 கிலோவுக்கும் குறைவு. எடையை மட்டும் வைத்து யாருக்கு இது நடக்கும் என்று சொல்லிவிட முடியாது.

அந்த 3.7 கிலோ எவ்வளவு நிஜம்?

ஸ்கேன் மெஷின் குழந்தையை எடை போடுவதில்லை. தலை, வயிறு, தொடை எலும்பு ஆகியவற்றை அளந்து, ஒரு சூத்திரத்தில் போட்டு எடையைக் கணக்கிடுகிறது. இதில் 10 முதல் 15 சதவீதம் வரை கூடக்குறைய வரலாம். ரிப்போர்ட்டில் 3.7 என்றால், பிறக்கும்போது 3.3-ம் இருக்கலாம், 4.1-ம் இருக்கலாம். கடைசி மாதத்தில், அதுவும் பெரிய குழந்தைகளில், கணிப்பு தவற வாய்ப்பு இன்னும் அதிகம்.

'பெரிய குழந்தை' என்பதற்கும் ஒரே அளவுகோல் கிடையாது. 4 கிலோ, 4.5 கிலோ என்று வெளிநாட்டுப் புத்தகங்களில் இருக்கும். நம் ஊரில் சராசரி எடை 3 கிலோவை ஒட்டித்தான் என்பதால் 3.5-ஐத் தாண்டினாலே பேச்சு ஆரம்பித்துவிடுகிறது. தாயின் உயரம், எடை, எத்தனையாவது பிரசவம் என்பதையெல்லாம் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். (வயிறு பெரிதாகத் தெரிவதை வைத்துப் பக்கத்து வீட்டு அக்கா சொல்லும் கணக்கை இதில் சேர்க்கவே வேண்டாம்.)

பிக் பேபி ஆய்வில் என்ன தெரிந்தது?

வயதுக்கேற்ற எடையில் 100-க்கு 90 குழந்தைகளைவிடப் பெரிதாக இருக்கலாம் என்று ஸ்கேனில் தெரிந்த 2,893 பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களைச் சேர்க்கவில்லை. ஒரு குழுவுக்கு 38-வது வாரம் முடிந்த சில நாட்களுக்குள் வலி வரவைத்தார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு.

முதல் குழுவில் தோள் சிக்கியது 2.3 சதவீதம் பேருக்கு, இரண்டாவது குழுவில் 3.1 சதவீதம். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்கிறது புள்ளியியல். ஆனால் காத்திருக்க வேண்டிய குழுவிலேயே சுமார் கால்வாசிப் பேருக்கு வேறு காரணங்களால் பிரசவம் முன்கூட்டியே நடந்துவிட்டது. திட்டப்படி நடந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் 2.3-க்கு 3.7. இப்போது வித்தியாசம் தெளிவாகத் தெரிகிறது.

இதை வீட்டுக் கணக்காகச் சொன்னால்: 1,000 பேர் காத்திருந்தால் 37 பேருக்குத் தோள் சிக்கும், 38-வது வாரத்திலேயே வலி வரவைத்தால் 23 பேருக்கு. ஒருவருக்கு அதைத் தவிர்க்க சுமார் 70 பேருக்கு மருந்து வைக்க வேண்டும். பலன் இருக்கிறது, ஆனால் சிறியது. "உடனே செய்யலன்னா ஆபத்து" என்று பயமுறுத்தவோ, "இதெல்லாம் ஆஸ்பத்திரிக்காரங்க பணம் பிடுங்கற வேலை" என்று ஒதுக்கவோ இந்த எண்களில் இடமில்லை.

2016-ல் வந்த 'காக்ரேன்' தொகுப்பாய்வும் ஏறக்குறைய இதே பக்கம்தான் நின்றது. ஒரு குழந்தையின் எலும்பு முறிவைத் தவிர்க்க 60 பேருக்கு வலி வரவைக்க வேண்டியிருக்கும் என்று அது கணக்கிட்டது. கூடவே, முன்கூட்டியே பிறந்த குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலைக்காக விளக்கொளியில் வைப்பது அதிகமானதையும் சொன்னது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் சங்கமோ, குழந்தை பெரிது என்ற சந்தேகத்துக்காக மட்டும் 39 வாரத்துக்கு முன் வலி வரவைக்க வேண்டாம் என்றே சொல்லிவந்திருக்கிறது.

"வலி ஊசி போட்டா கடைசில சிசேரியன்தான்" – உண்மையா?

தமிழ்நாட்டில் அதிகம் கேட்கும் பயம் இது. காரணமும் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் 63.8 சதவீதம்.

ஆனால் ஆய்வுகள் இந்தப் பயத்தை உறுதிப்படுத்தவில்லை. அமெரிக்காவில் முதல் பிரசவத்துக்கு வந்த 6,106 பெண்களிடம் நடந்து 2018-ல் வெளியான 'அரைவ்' ஆய்வில், 39-வது வாரத்தில் வலி வரவைத்தவர்களுக்கு சிசேரியன் 18.6 சதவீதம், காத்திருந்தவர்களுக்கு 22.2. ஆச்சரியம்தான். ஆனால் அங்கே மருந்து வைத்த பிறகு பொறுமையாகக் காத்திருந்தார்கள். கர்ப்பப்பை வாய் இளகாமல் இறுக்கமாக இருந்தால், ஜெல், பலூன், ட்ரிப்ஸ் என்று ஒன்றிரண்டு நாள்கூட ஆகலாம். காலையில் ஜெல் வைத்துவிட்டு சாயங்காலமே "முன்னேற்றம் இல்லை, தியேட்டருக்குப் போகலாம்" என்று சொல்லும் இடத்தில் அந்த 18.6 வராது. ஆகவே எந்த மருந்து என்பதைவிட, எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள் என்பதே டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது.

நேராக சிசேரியனுக்குப் போவது? சர்க்கரை இல்லாத தாய்க்கு, 4.5 கிலோ என்று கணிக்கப்பட்ட குழந்தைக்கே, ஒரு நிரந்தர நரம்புக் காயத்தைத் தடுக்க 3,695 சிசேரியன் செய்ய வேண்டியிருக்கும் என்று 1996-ல் ஒரு அமெரிக்க ஆய்வு கணக்கிட்டது. சர்க்கரை உள்ளவர்களுக்கு அதே எண் 443.

சர்க்கரை இருந்தால் கதையே வேறு

அந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கும் தூரம் சும்மா வந்ததில்லை. தாயின் ரத்தத்தில் கூடுதலாக இருக்கும் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது. அதைச் சமாளிக்கக் குழந்தையின் கணையம் அதிக இன்சுலின் சுரக்கிறது, கொழுப்பு சேர்கிறது. அதிலும் தோளிலும் உடம்பிலும்தான் அதிகம், தலை வழக்கமான அளவிலேயே இருக்கும். அதனால் ஒரே 3.8 கிலோ என்றாலும், சர்க்கரை உள்ள தாயின் குழந்தைக்குத் தோள் சிக்கும் வாய்ப்பு கூடுதல். இவர்களுக்குப் பிரசவ தேதியை முன்கூட்டியே முடிவு செய்வதில் நியாயம் இருக்கிறது. மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு 39-வது வாரத்தில் என்பது பொதுவான நடைமுறை.

75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்து 2 மணி நேரம் கழித்து எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் 140-ஐத் தொட்டால் கர்ப்பகால சர்க்கரை. உங்கள் ரிப்போர்ட்டில் அந்த எண் எவ்வளவு என்று தெரியாமல் எடையைப் பற்றி மட்டும் பேசுவதில் பயனில்லை. முந்தைய பிரசவத்தில் தோள் சிக்கியிருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

கேட்பது உங்கள் உரிமை

ஸ்காட்லாந்தில் 1999-ல் சர்க்கரை நோய் உள்ள, உயரம் குறைவான ஒரு பெண்ணுக்குப் பிரசவம். குழந்தை பெரிதாக இருக்குமோ என்று அவர் கவலை தெரிவித்திருந்தார். அவர் நிலையில் தோள் சிக்க 9 முதல் 10 சதவீத வாய்ப்பு உண்டு என்பது டாக்டருக்குத் தெரியும். சொன்னால் சிசேரியன் கேட்பார் என்று சொல்லவில்லை. தோள் சிக்கியது, குழந்தைக்கு மூளை பாதிப்பு. 'மாண்ட்கோமெரி வழக்கு' என்று அறியப்படும் இதில் 2015-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தாயின் பக்கம் நின்றது. நோயாளி முக்கியமாகக் கருதக்கூடிய ஆபத்தையும், மாற்று வழிகளையும் டாக்டர் சொல்லியே ஆக வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பு இந்தியாவைக் கட்டுப்படுத்தாது. ஆனால் கேள்வி கேட்கத் தயங்குகிறவர்களுக்கு ஒரு தைரியம் தரும்.

"38-க்குப் பதில் 39 வாரம் வரை பொறுக்கலாமா? கர்ப்பப்பை வாய் இப்ப எப்படி இருக்கு? வலி வரலன்னா அடுத்து என்ன?" இதை நிதானமாகக் கேட்டால் பெரும்பாலான டாக்டர்கள் பதில் சொல்லவே செய்வார்கள். நல்ல நாள், நட்சத்திரம் பார்த்துத் தேதி குறிப்பவர்கள், 39 வாரம் முடிந்திருக்கிறதா என்பதையாவது முதலில் பார்த்துவிடுங்கள்.

காத்திருப்பது என்று முடிவெடுத்தால், குழந்தையின் எடையைக் குறைக்கிறேன் என்று சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தாலோ, பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ குறித்த தேதிக்காகக் காத்திருக்காமல் அன்றே, ராத்திரியானாலும், மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ஆம்புலன்ஸுக்கு 108.