பாட்டியைத் திட்டாதீர்கள்!

ஜவ்வாது மலை அடிவாரத்தில் உள்ள கண்ணமங்கலத்தில் ஒரு வீட்டுத் திண்ணை. பாட்டி சுருக்குப் பையைத் தேடுகிறார். ஐந்து நிமிஷத்துக்கு முன்பு அவரேதான் தலையணைக்கு அடியில் வைத்தார்! "அதற்குள் மறந்து விட்டதா?" என்று மருமகள் சீறுகிறாள்.

அதே பாட்டியிடம் கல்யாணக் கதையைக் கேளுங்கள். முகூர்த்தப் புடவையின் நிறம், பந்தியில் போட்ட பலகாரம் எல்லாம் சொல்வார். அப்படியானால் பாட்டி வேஷம் போடுகிறாரா?

இல்லவே இல்லை. குரங்குகளைக் கேட்டால் தெரியும்!

சிரிக்க வேண்டாம். செம்முகக் குரங்கு என்று ஓர் இனம். மலையிலிருந்து இறங்கி வந்து நம் வாழைப்பழத்தைப் பறிக்கிறதே, அந்தக் குரங்குக்கு உறவு. அதற்கு 25 வயது என்றால் நமக்கு ஏறத்தாழ 75. அதன் கண்ணெதிரே இரண்டு குழிகளில் ஒன்றில் தின்பண்டத்தை வைத்து மூடுவார்கள். திரையை இறக்குவார்கள். சில விநாடி கழித்துத் தூக்குவார்கள். இளங்குரங்கு சரியான குழியைத் திறக்கும். கிழக்குரங்கு தடுமாறும். திரை மறைக்கும் நேரம் கூடக்கூடத் தவறும் கூடும்.

காரணம் என்ன? மறைந்த பொருளை மனத்தில் பிடித்து வைப்பது நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதி. பஜனையில் ஒருவர் விட, மற்றவர் எடுப்பது போல, அங்குள்ள நரம்பணுக்கள் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். வயதானால் அந்தக் குரல் தேய்கிறது. அமெரிக்காவில் யேல் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஏமி ஆர்ன்ஸ்டன் என்ற பெண் விஞ்ஞானியின் குழு 2011-ல் இதைக் கண்டது.

அணுக்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து விடுவதில்லை. கிளைகளில் உள்ள மெல்லிய முட்கள் உதிர்கின்றன. தொடர்பு தளர்கிறது. அவ்வளவுதான். சில ரசாயனங்களைத் தொட்டு வைத்ததும் கிழட்டு அணுக்கள் ஓரளவு பழையபடி கூப்பிட்டனவாம். அதற்காக மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள்!

கல்யாண நினைவோ பல நூறு தடவை சொல்லிச் சொல்லி ஊறியது. அது எளிதில் போகாது.

ஆகவே, திட்டுவது வீண். சுவரில் ஓர் ஆணி அடித்து, பையை அதிலேயே மாட்டப் பழக்குங்கள்.

ஆனால் பழகிய தெருவில் வழி தவறினால்? பெற்ற மகனையே "நீ யார்?" என்றால்? அது வெறும் முதுமை அல்ல, நோய். "வயசாச்சு" என்று சும்மா இருப்பது திட்டுவதை விடப் பெரிய தப்பு. தைராய்டு கோளாறு, பி12 சத்துக் குறைவு போன்றவற்றாலும் மறதி வரும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. வேலூர் போகும் வழியில் அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. பாட்டியை அழைத்துக்கொண்டு பஸ் ஏறுங்கள். சுருக்குப் பை மருமகள் கையில் இருக்கட்டும்.