கேளா ஒலியின் தொண்டு

வேதித் தொழிற்சாலை என்றவுடன் வானளாவிய கலங்களே நம் நினைவிற்கு வருகின்றன. கலம் பெரிதாயின் விளைவும் பெரிதாம் என்பது உண்மையே. ஆயின், கேடும் பெரிதாம் என்பதை நாம் மறத்தலாகாது. 1984-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், போபால் நகரில் ஒரே தொட்டியினின்று கசிந்த நச்சு வளி ஆயிரக்கணக்கான மக்களின் உயிரைக் குடித்தது. அத்துணை நஞ்சு ஓரிடத்தே தேங்கியிராவிடின், அத்துணைக் கேடும் நேர்ந்திராது அன்றோ?

நஞ்சைத் தேக்கி வையாது, வேண்டும்பொழுது வேண்டிய அளவே ஆக்கிக்கொள்ளுதற்கு ஏற்றது நுண்குழாய்க் கலம். அதன் உள்விட்டம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே. பொருள்கள் அதனுள் இடையறாது ஓடிக்கொண்டே வினைப்படும். எந்நேரமும் உள்ளிருப்பது சிறிதளவே. வினையில் எழும் வெப்பமும் எளிதில் வெளியேறும்.

எனினும், அதற்கும் ஒரு குறை உண்டு. ஹைட்ரஜன், ஆக்சிஜன் முதலிய வளிகள் நீர்மத்திற் கரைந்தாலன்றி அதிலுள்ள பொருளோடு நன்கு வினைபுரியா. பெருங்கலத்தில் துடுப்பு சுழன்று அவற்றைக் கலக்கும். நுண்குழாயில் துடுப்பிற்கு இடம் ஏது? வளிக்குமிழும் நீர்மமும் புகைவண்டிப் பெட்டிகளைப்போல மாறிமாறிச் செல்லும். போதிய கலப்பு நிகழாது.

இக்குறையைத் தீர்க்க வல்லது மீயொலி. நொடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலியை மாந்தர் செவி உணராது. அவ்வொலி பாய்ந்தால் குமிழின் மேற்பரப்பு நடுங்கிச் சிற்றலைகள் எழும். அதனைச் சூழ்ந்த நீர்மம் சுழலும். வளி விரைந்து கரையும். சீன நாட்டுத் தாலியன் நகர ஆய்வாளர்கள், இம்முறையால் வளி நீர்மத்துட் புகும் வேகம் மும்மடங்கிற்கு மேல் உயர்ந்ததென 2015-இல் வெளியிட்டனர்.

இதனால் மின்னாற்றல் செலவாகும், நீர்மமும் சூடேறும் எனச் சிலர் தடை கூறுவர். அத்தடை பொருளற்றதன்று. வினையே மெல்ல நிகழ்வதாயின், கரைதலை விரைவுபடுத்துவதாற் பெரும்பயன் இல்லை. கரைதல் தாழ்க்கும் இடத்து மட்டுமே மீயொலியைக் கையாளுதல் அறிவுடைமை. குழாய்கள் பலவாகும்பொழுது எல்லாவற்றிற்கும் ஒலியை ஒரு சீராகப் பகிர்தலும் அரிய செயலே. ஆயினும், அருமை கருதி அம்முயற்சியைக் கைவிடுதல் தகாது.

மாணவர்களே! பெருநஞ்சைத் தேக்கிவைத்து அதற்குக் காவல் இடுதலினும், தேக்காமலே தொழில் நடத்துதல் சாலச் சிறந்தது. அதற்குச் சிறிது மின்னாற்றல் செலவாயினும் ஆகுக. அச்செலவு உயிர்களின் விலையினும் மிகுந்ததன்று என்பதே என் துணிபு.