வாயிலில் நிற்பவர் பந்திக்குப் போகலாமா?

“இழைகள் பெருகினால் வேகம் பெருகும்” என்பது நம் கணினித் துறை மாணவரிடையே ஏறக்குறைய வேதவாக்காகிவிட்டது. செயல்திட்டம் எதுவாயினும், முதற் பக்கத்தில் “பல இழை அமைப்பு” என்று எழுதிவிட்டால் மதிப்பெண் உயரும் என்ற நம்பிக்கையும் பலருக்கு உண்டு. இழைகளோடு எனக்குப் பகையில்லை. ஆனால் எந்த இடத்தில் எத்தனை இழை என்று கேளாமல் எங்கும் இழை, எதற்கும் இழை என்று போவது சிக்கலில்தான் கொண்டுபோய் விடும் என்பது என் துணிபு. கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே செருகவும் பிடுங்கவும் படும் கருவிகளைக் கவனிக்கும் டீமனையே இதற்குச் சான்றாகக் காட்டுவேன்.

டீமன் என்றதும் பேயென்று அஞ்ச வேண்டா. திரையில் முகம் காட்டாமல் பின்னணியில் உழைக்கும் நிரலுக்கு 1963-ஆம் ஆண்டளவில் எம்.ஐ.டி.யில் இட்ட பெயர் அது. இயற்பியல் அறிஞர் மாக்ஸ்வெல் கற்பனை செய்த, ஓயாமல் மூலக்கூறுகளைப் பிரித்துக்கொண்டிருக்கும் பூதத்தின் நினைவாக வந்தது.

லினக்ஸில் முன்பு, கருவி ஒன்று செருகப்பட்டால் கெர்னல் ஒரு துணை நிரலைப் புதிதாக ஓடவிடும். பத்து நிகழ்ச்சிக்குப் பத்து ஓட்டம். ஒவ்வொன்றும் தன் போக்கில் ஓடியமையால், “போயிற்று” என்ற செய்தி “வந்தது” என்ற செய்தியை முந்திவிடவும் இடமுண்டாயிற்று. 2003-இல் தோன்றி வளர்ந்த யூடெவ் இக்குறையைப் போக்கிற்று. இன்று கெர்னல் நெட்லிங்க் வழியாக வரிசை எண்ணிட்டுச் செய்தி அனுப்புகிறது. தலைமைப் பணியாளர் ஒருவரே அதைக் கேட்டு வரிசைப்படுத்துகிறார். வேலையாட்கள் சிலர் எடுத்து முடிக்கின்றனர். ஒரே கருவியைப் பற்றியவையும், தாய்க் கருவி, சேய்க் கருவி என்ற உறவுடையவையும் ஒன்றன்பின் ஒன்றாகவே நடைபெறும். தொடர்பற்றவை மட்டுமே ஒருங்கே நடக்கும். இன்னொன்றும் கருதத்தக்கது: அங்கே வேலையாட்கள் இழைகள் அல்லர், தனித்தனிச் செயல்முறைகள். ஒருவர் மடிந்தாலும் தலைவர் பிழைத்திருப்பார். இழைகளோ ஒரே கூரையின்கீழ்க் குடியிருப்பவை. ஒரு மூலையில் தீப்பிடித்தால் வீடே போகும்.

அப்படியானால் எல்லாவற்றையும் ஒரே இழை செய்துவிட்டுப் போகட்டுமே என்பர் சிலர். அதுவும் பொருந்தாது. கல்யாண வீட்டு வாயிலில் சந்தனம் கொடுத்து வரவேற்பவர், வந்த ஒவ்வொருவரையும் தாமே பந்திக்கு அழைத்துச் சென்று இலை போட்டுப் பரிமாறத் தொடங்கினால், அடுத்து வருபவரை யார் கேட்பது? பழுதுற்ற வட்டு ஒன்று மறுமொழி தரப் பல நொடிகள் எடுத்துக்கொள்ளக்கூடும். அதுவரை கேட்பவர் காத்திருந்தால் நெட்லிங்கின் இடையகம் நிரம்பி வழியும். வழிந்த செய்திகள் மறைந்தே போகும். ஆகவே கேட்பவர் ஒருவர், அவர் கேட்பதைத் தவிர வேறொன்றும் செய்யலாகாது. பரிமாறுவோர் சிலர், எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. கருவிக்கு ஒரு வரிசை. இதுவே நான் வேண்டும் அமைப்பு.

செய்தி தவறியதைக் கெர்னல் பிழைக் குறியால் உணர்த்தும். அதைப் புறக்கணிக்காமல், இருக்கும் கருவிகளை முழுவதும் மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டும். தொடக்கத்திலும் அப்படியே: முதலில் கேட்கத் தொடங்கிப் பின்னரே எண்ண வேண்டும். முறையை மாற்றினால், எண்ணி முடித்ததற்கும் கேட்கத் தொடங்கியதற்கும் இடையே வந்த கருவி யார் கண்ணிலும் படாமல் போகும். முறைப்படி செய்தால் ஒரே கருவி இருமுறை தென்படலாம். அதை ஒன்றாக்கிக்கொள்வது எளிது.

இவையெல்லாம் நுணுக்கம் பேசுவோரின் வீண் வாதம் என்று தள்ளிவிடலாமா? பொது ஆய்வகத்தில் ஒரு மாணவி தன் பென் டிரைவைப் பிடுங்குகிறாள். பிடுங்கிய பின் நமக்கு வருவது அனுமதி வேண்டும் விண்ணப்பமன்று, சாவுச் செய்தி. அதற்குள் வேறொருவர் தம்முடையதைச் செருகுகிறார். முன்னது விட்டுச் சென்ற பெயரே பின்னதற்கும் கிடைக்கிறது. சோம்பிய இழை ஒன்று பழைய பெயரை நம்பி இப்போது எழுதினால், எவருடைய ஆய்வேடு அழியும்? இந்த இடரைக் களையவே 2021-இல் வந்த லினக்ஸ் 5.15, ஒவ்வொரு வட்டுக்கும் செருகுந்தோறும் ஏறிக்கொண்டே போகும் ஒரு தனி எண்ணை வழங்கிற்று. பெயர் ஒன்றாயினும் எண் வேறு. வேலையாள் எழுதுமுன் அந்த எண்ணை ஒப்பிட்டுப் பார்ப்பது கடமையாகும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். நேர்முகத் தேர்வில் “எத்தனை இழைகள் வைத்தாய்?” என்று கேட்பதை விடுத்து, “பாதியில் பிடுங்கினால் உன் நிரல் என் செய்யும்?” என்று கேளுங்கள். கேட்டதோடு நில்லாமல், பிடுங்கியும் பாருங்கள். சங்கத்துத் தோழர்களுக்கும் ஒரு சொல்: வேகம் குறைந்த நிரலைப் பயனர் பொறுத்துக்கொள்வார், தம் உழைப்பை அழித்த நிரலை மன்னிக்க மாட்டார். ஒழுங்கு முதலில் வரட்டும். வேகம் அதன் பின்னால் வரட்டும்.