வார்த்தைக்குள் ஒரு வீடு

"ஸ்கூலுக்கு நேரமாச்சு!" என்று ஒரு கையில் சீப்பும் மறு கையில் டிபன் டப்பாவுமாகக் காலை வேளையில் பறக்கிறீர்களே, அந்த 'ஸ்கூல்' என்ற சொல்லுக்குப் பழைய கிரேக்க பாஷையில் என்ன அர்த்தம் தெரியுமா? ஓய்வு! 'ஸ்கோலே' என்றால் வேலை வெட்டி இல்லாத நேரம். அந்த நேரத்தில் கூடி உட்கார்ந்து தர்க்கம் செய்தார்கள். தர்க்கத்துக்கும், பிறகு அது நடக்கும் இடத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. யாருக்கு அந்த ஓய்வு என்கிறீர்களா? மாவு அரைக்கவும் தண்ணீர் சுமக்கவும் வீட்டில் பெண்களும் அடிமைகளும் இருந்தார்களே, அந்த வீட்டு ஆண்களுக்குத்தான்!

'பியூபில்' இன்னும் சுவாரசியமானது. லத்தீனில் 'பூபா' என்றால் சிறுமி. பொம்மைக்கும் அதே பெயர். பெற்றோரை இழந்து, காப்பாளர் பொறுப்பில் வளரும் குழந்தையை அதையொட்டிய சொல்லால் அழைத்தார்கள். ஆசிரியர் பொறுப்பில் இருக்கும் மாணவனுக்கு அது பிற்பாடு வந்தது. சரி, கண்ணின் கருமணிக்கும் இங்கிலீஷில் 'பியூபில்' என்கிறார்களே, ஏன்? எதிரில் இருப்பவர் கண்ணை நெருங்கிப் பாருங்கள். நம் உருவம் குட்டிப் பொம்மையாக அதில் தெரியும். நம் முன்னோரும் கருமணியைப் 'பாவை' என்றுதானே சொன்னார்கள்! யாரும் யாரிடமும் கடன் வாங்கியிருக்க வேண்டியதில்லை. குழந்தையை மடியில் போட்டுக் கொஞ்சிய எந்தத் தாய்க்கும் தெரிந்த காட்சி அது.

'ஸ்டூடண்ட்' என்பதற்கு மூலம் 'ஸ்டூடேரே'. ஆவலோடு ஒன்றில் ஈடுபடுவது என்று பொருள். சம்பளம் கட்டுவது, பரீட்சை எழுதுவது எதுவும் அந்தச் சொல்லில் கிடையாது. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது 'எகாலஜி'. தமிழில் சூழலியல் என்கிறோம். காடு, குளம், புழு, பூச்சி எல்லாம் ஒன்றையொன்று சார்ந்து வாழும் விதத்தை ஆராயும் சாஸ்திரம். 1866-ல் ஜெர்மன் விஞ்ஞானி எர்ன்ஸ்ட் ஹெக்கல் இந்தச் சொல்லை உண்டாக்கினார். கிரேக்கத்தில் 'ஓய்கோஸ்' என்றால் வீடு. 'லோகோஸ்' என்றால் இயல். 'எகானமி'யும் அதே வீட்டில் பிறந்ததுதான். வீட்டு நிர்வாகம் என்பதே அதன் முதல் அர்த்தம். மாதக் கடைசியில் எண்ணெயையும் பருப்பையும் அளந்து அளந்து செலவு செய்கிறீர்களே, அசல் எகானமி அதுதான். நிதி மந்திரிகள் எல்லாம் பிறகு வந்தவர்கள்.

இந்த 'வீட்டை' மறக்காத பெண்மணி ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். எல்லன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ் என்று பெயர். மாஸாசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இடம் பெற்ற முதல் பெண். அவரிடம் சம்பளம் வேண்டாம் என்றார்கள். தம் ஏழ்மைக்கு இரங்கிய சலுகை என்று நினைத்தார். உண்மை பிறகுதான் தெரிந்தது. யாராவது ஆட்சேபித்தால், 'அந்தப் பெண் எங்கள் மாணவியே அல்ல' என்று சொல்லிக்கொள்ள வசதியாகச் செய்த ஏற்பாடு! ஆனால் 1873-ல் அவர் பட்டம் வாங்கினார். 1884 முதல் 1911-ல் கண்மூடும் வரை அங்கேயே சுகாதார ரசாயனம் போதித்தார்.

குழாய்த் தண்ணீர், வீட்டுக் காற்று, கடைச் சாமானில் கலப்படம் இவையெல்லாம் அவருடைய ஆராய்ச்சி. 1892-ல் பாஸ்டன் நகரில், தம் புது சாஸ்திரத்துக்கு ஹெக்கலின் சொல்லையே பெயராகச் சூட்டினார். காட்டுக்குப் போன சொல்லை வீட்டுக்கு அழைத்துவரப் பார்த்தார் என்று சொல்லலாம். நடக்கவில்லை. தாவரங்களையும் பிராணிகளையும் ஆராய்ந்தவர்கள் சொல்லை விடவில்லை.

நம் கல்லூரிகளில் 'ஹோம் ஸயன்ஸ்' பாடத்துக்குத் தமிழில் என்ன பெயர்? மனையியல். மனை என்றால் வீடு. 'எகாலஜி'யை எழுத்துக்கு எழுத்து மொழிபெயர்த்தாலும் இதைவிடப் பொருத்தமாக வராது! அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரிந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்!

அமெரிக்காவில் அவர்கள் என்ன செய்தார்கள்? 1899-ல் லேக் பிளாஸிட் என்ற ஊரில் கூடி, 'ஹோம் எகனாமிக்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். அதாவது 'வீட்டு வீட்டு நிர்வாகம்'. நம் ஊரில் 'நடு சென்டர்' என்கிறோமே, அந்த மாதிரி.