உள்ளத்துக்கும் ஒரு கணக்குப் புத்தகம்

பெரும்போக அறுவடை நேரம். வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவுக்கு நெல் வாங்கப் போனேன். "விலையைக் குறைத்துக் கேள்" என்றது ஒரு மனம். "கடன்பட்ட விவசாயி, பாவம்" என்றது மறுமனம். குறைத்தே வாங்கினேன். இலாபம் வந்தது, தூக்கம் போனது.

தீமைக்குத் தூண்டும் நஃப்ஸையும் (12:53) தன்னையே நிந்திக்கும் நஃப்ஸையும் (75:2) திருக்குர்ஆன் குறிப்பிடுகிறது. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி 'இஹ்யா'வில் நஃப்ஸை வியாபாரக் கூட்டாளிக்கு ஒப்பிட்டார்: காலையில் நிபந்தனை, பகலில் கண்காணிப்பு, இரவில் கணக்கு.

அப்படியே கணக்குக் கேட்டேன். விலை குறைக்கச் சொன்னது பேராசையல்ல; மாத முடிவுச் செக்கைப் பற்றிய பயம். பயத்தைத் திட்டினால் போகாது, கேட்டால் அடங்கும். மறுநாள் செக்குக்குத் தவணை கேட்டேன், விவசாயிக்கு மீதியைக் கொடுத்தேன். அன்றிரவு தூங்கினேன்.

வியாபாரிகளே, கடைக் கணக்கோடு உள்ளத்தின் கணக்கையும் இரவிலேயே முடித்துவிடுங்கள்.