‘ஹைப்போ’வில் ‘ஹை’ இல்லை!

“அக்கா, அம்மாவுக்கு உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டுது. கை நடுங்குது. டாக்டர் சீட்டுல ‘ஹைப்போ வரலாம், கவனம்’னு எழுதியிருக்கு. ஹைன்னா சுகர் ஏறியிருக்குன்னுதானே அர்த்தம்? இன்சுலின் போட்டுடவா?”

“வேணாம்டா! ஊசியைத் தொடாதே. அம்மா நினைவா இருக்காங்களா, முழுங்க முடியுதா? முதல்ல மெஷின்ல சுகர் எவ்ளோன்னு பாரு.”

சர்க்கரை நோயாளி இருக்கும் எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய உரையாடல் இது. தம்பியைக் குறை சொல்ல முடியாது. ‘ஹை பி.பி.’, ‘ஹை சுகர்’ என்று கேட்டுப் பழகிய காதுக்கு, ‘ஹைப்போ’ என்றதும் ஏதோ ஏறிவிட்டது என்றுதான் தோன்றும். உண்மையில் அது இறங்கிவிட்டது என்பதைச் சொல்லும் வார்த்தை.

அப்படியானால் ஏறியதைச் சொல்வது எது? அதுவும் ‘ஹை’ என்றுதான் தொடங்குகிறது. அதன் பெயர் ‘ஹைப்பர்’. இந்த வாரம் பார்க்கப்போவது இந்தக் குழப்பமான ஜோடியைத்தான்.

வால்தான் வித்தியாசம்

இரண்டுமே கிரேக்க மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த முன்னொட்டுகள். ஆங்கிலத்தில் எழுதினால் முதல் மூன்று எழுத்துகளும் ஒன்றே. அர்த்தம் மட்டும் நேர் எதிர். ஹைப்போ என்றால் கீழே, குறைவாக. ஹைப்பர் என்றால் மேலே, அளவுக்கு மீறி.

தோலுக்குக் கீழே மருந்தைச் செலுத்துகிற ஊசிக்கு ‘ஹைப்போடெர்மிக்’ என்று பெயர். உடல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் ‘ஹைப்போதெர்மியா’. ரத்த அழுத்தம் கூடினால் ‘ஹைப்பர்டென்ஷன்’, குறைந்தால் ‘ஹைப்போடென்ஷன்’. சூப்பர் மார்க்கெட்டைவிடப் பெரிய கடைக்கு ‘ஹைப்பர் மார்க்கெட்’ என்று பெயர் வைத்ததும் இதே கணக்கில்தான்.

உறவுக்காரர்கள் நம்மிடமும் உண்டு

மேட்டூர் அணை 120 அடியை எட்டியதும் திறந்துவிடுகிறார்களே, ‘உபரி நீர்’. அந்த ‘உபரி’ வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொல். மேலே, மிகுதியாக என்று பொருள். கிரேக்க ‘ஹைப்பர்’, லத்தீன் ‘சூப்பர்’, ஆங்கில ‘ஓவர்’ எல்லாமே இதற்கு உறவுமுறை. அதேபோல ‘உபதலைவர்’, ‘உபநதி’யில் வருகிற ‘உப’, ஹைப்போவின் சொந்தக்காரர். ஒரு படி கீழே இருப்பவர் உபதலைவர் அல்லவா?

ஆக, ஹைப்பர் என்றால் உபரி. ஹைப்போ என்றால் லோ. ‘போ’வும் ‘லோ’வும் ஒரே ஓசையில் முடிவதை நினைவில் வைத்தாலே போதும்.

எது ஹைப்போ, எது ஹைப்பர்?

ரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் அது ஹைப்போகிளைசீமியா. வியர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, குழறலான பேச்சு என்று சட்டென்று வரும். சர்க்கரை கூடும் ஹைப்பர்கிளைசீமியாவோ பெரும்பாலும் மெதுவாக வருகிறது. அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், சோர்வு, மங்கலான பார்வை ஆகியவை அதன் அடையாளங்கள்.

ஹைப்போவில் இருப்பவருக்கு இன்சுலின் போட்டால், ஏற்கெனவே இறங்கிய சர்க்கரை இன்னும் இறங்கும். வலிப்பு, மயக்கம், உயிராபத்து வரை போகலாம். அவருக்கு உடனடித் தேவை சுமார் 15 கிராம் சர்க்கரை. மூன்று, நான்கு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம், அல்லது அரை டம்ளர் பழச்சாறு. 15 நிமிடம் கழித்து மீண்டும் பரிசோதிக்க வேண்டும். 70-ஐத் தாண்டவில்லை என்றால் இன்னொரு முறை கொடுக்க வேண்டும். மெஷின் கையில் இல்லை, அறிகுறிகள் ஹைப்போ போலத் தெரிகின்றன என்றாலும் சர்க்கரை கொடுப்பதே பாதுகாப்பு. நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

தைராய்டில் ஒரு பொறி

தைராய்டு ரிப்போர்ட்டில் குழப்பம் இரட்டிப்பாகும். டி.எஸ்.ஹெச். அளவு அதிகம் என்று பார்த்ததும் பலரும் ‘ஹைப்பர்தைராய்டு’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது ஹைப்போதைராய்டு. தைராய்டு சுரப்பி மந்தமாக வேலை செய்தால், ‘இன்னும் சுர’ என்று அதை விரட்டுவதற்காக மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.ஹெச்சை அதிகம் அனுப்புகிறது. விரட்டுகிற சத்தம் கூடியிருக்கிறதே தவிர, வேலை குறைந்துதான் இருக்கிறது. இதில் எடை கூடும், குளிர் தாங்காது. ஹைப்பரில் எடை குறையும், வெப்பம் தாங்காது. இரண்டுக்கும் மாத்திரை வேறு வேறு. ‘எனக்கும் தைராய்டுதான்’ என்று பக்கத்து வீட்டு மாத்திரையை வாங்கிப் போடுவது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள்.

வார்த்தை வேண்டாம், எண் போதும்

மருந்துச் சீட்டில் இந்த வார்த்தைகள் வந்தால், ‘குறைவா, அதிகமா டாக்டர்?’ என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். பதிலைத் தமிழில் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். போனில் சொல்லும்போது ஹைப்போ, ஹைப்பர் என்று சொல்லாமல், மெஷினில் தெரிகிற எண்ணைச் சொல்லுங்கள். எண்ணைத் தவறாகப் புரிந்துகொள்ள வழியில்லை.

“அக்கா, 58 காட்டுது.”

“அது லோ டா. நாலு ஸ்பூன் சர்க்கரையைக் கரைச்சுக் குடு. நான் லைன்லயே இருக்கேன்.”

கால் மணி நேரத்தில் மெஷின் 92 காட்டியது. “எதுக்குடா இவ்ளோ கலாட்டா?” என்று கேட்டார் அம்மா.