பதக்கம் உண்டு, ஊதியம் இல்லை

2008 ஆகஸ்ட் 10 அன்று, கொட்டும் மழையில், பெய்ஜிங் ஒலிம்பிக்கின் பெண்கள் சாலை சைக்கிள் பந்தயத்தில் வேல்ஸைச் சேர்ந்த நிக்கோல் குக் தங்கம் வென்றார். 126 கிலோமீட்டர் ஓடிய பின், கடைசி வளைவில் சற்றே பின்தங்கி, இறுதி ஏற்றத்தில் உடன் வந்த நால்வரையும் முந்தினார். பிரிட்டனுக்கு அந்த ஒலிம்பிக்கில் கிடைத்த முதல் தங்கம் அது. அடுத்த மாதமே இத்தாலியின் வரேசே நகரில் உலகப் பட்டத்தையும் வென்றார். இவ்விரண்டையும் ஒரே ஆண்டில் வென்றவர் அதுவரை ஆண்களிலும் இல்லை, பெண்களிலும் இல்லை.

2013 ஜனவரியில், 29 வயதில், அவர் ஓய்வு பெற்றார். அப்போது அவர் வெளியிட்ட அறிக்கை, தொழிற்சங்கம் நிர்வாகத்திடம் அளிக்கும் குற்றப்பத்திரிகையைப் போல் இருந்தது. வீராங்கனைகளுக்கு ஊதியத்தை நிறுத்திவிடும் அணிகள், ஊக்கமருந்தை மறுத்து நேர்மையாக ஓடியவர்கள் இழந்த வாய்ப்புகள் என எல்லாவற்றையும் அதில் எழுதினார். ஆண்களின் உயர்நிலை அணிகளுக்கு விதிகளிலேயே குறைந்தபட்ச ஊதியம் இருந்தது. பெண்களுக்கு அது இல்லை. 2011இல் இதுபற்றிக் கேட்கப்பட்டபோது, பெண்கள் சைக்கிள் பந்தயம் அந்த அளவுக்கு இன்னும் வளரவில்லை என்றார் சர்வதேச சைக்கிள் ஒன்றியத்தின் அன்றைய தலைவர்.

வளரவில்லையா, வளரவிடவில்லையா? சிறுமியாக இருந்தபோதே, பெண்பிள்ளைகளுக்கும் தேசியப் போட்டிகள் வேண்டும் என்று பிரிட்டிஷ் நிர்வாகத்தோடு போராட வேண்டியிருந்தது குக்கிற்கு. 2006, 2007 ஆண்டுகளில் அவர் வென்ற பிரெஞ்சுப் பந்தயமான 'கிராந்த் பூக்ல்', 'டூர்' என்ற பெயரைக்கூட வைத்துக்கொள்ள முடியாமல், பணமின்றிச் சுருங்கி, 2009உடன் நின்றுபோனது. மேடையை அகற்றிவிட்டுப் பார்வையாளர் வரவில்லை என்று கணக்குக் காட்டுவது முதலாளிகளுக்குப் புதிதல்ல. ஆஷா ஊழியரைத் தன்னார்வலர் என்றழைத்து ஊக்கத்தொகையோடு நிறுத்திக்கொள்ளும் அரசுகளோடு மோதிவரும் இந்தியத் தொழிற்சங்கத் தோழர்களுக்கு இந்தத் தர்க்கம் நன்கு பழக்கமானது.

2017 ஜனவரியில் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் அளித்த குக், தம் விளையாட்டு ஆண்களால் ஆண்களுக்காக நடத்தப்படுகிறது என்றார். அதே ஆண்டின் இறுதியில் ஐரிஸ் ஸ்லாப்பெண்டெல், கார்மென் ஸ்மால், கிரேசி எல்வின் ஆகிய மூவர் 'சைக்கிளிஸ்ட்ஸ் அலையன்ஸ்' என்ற பெயரில் பெண்களுக்கான சங்கத்தைத் தொடங்கினர். 2020இல் உயர்நிலைப் பெண்கள் அணிகளுக்கு முதன்முறையாக ஆண்டுக்கு 15,000 யூரோ குறைந்தபட்ச ஊதியம் வந்தது. மகப்பேறு விடுப்பும் அப்போதுதான் வந்தது. அதே ஆண்டில் ஆண்களின் உயர்நிலை அணிகளில் குறைந்தபட்சம் 40,000 யூரோவுக்கு மேல்.

பரிசுப் பணத்தின் கதையும் வேறல்ல. 2021இல் பாரிஸ்–ரூபே பந்தயம் முதன்முறையாகப் பெண்களுக்கும் நடந்தது. வென்ற பிரிட்டன் வீராங்கனை லிசி டெய்க்னன் அப்போது ஒரு குழந்தையின் தாய். அவருக்கு அறிவிக்கப்பட்ட பரிசு 1,535 யூரோ. ஆண் வெற்றியாளருக்கோ 30,000. இடைவெளியை அவருடைய அணியின் புரவலர் நிறுவனம் ஈடுகட்டியது. அதைப் பெருந்தன்மை என்று புகழ்ந்தார்கள். உரிமையாகக் கிடைக்க வேண்டியது கொடையாக வந்தால், அடுத்த ஆண்டு அது வராமலும் போகலாம்.

2022இல் பெண்களின் டூர் தெ பிரான்ஸ் திரும்பியது. வெற்றியாளருக்கு 50,000 யூரோ, ஆண்களில் 500,000. ஆண்கள் 21 நாள் ஓட, பெண்கள் அந்த ஆண்டில் 8 நாள்தானே ஓடினார்கள் என்று வாதிடுவோர் உண்டு. நாள்கணக்கில் வகுத்தாலும் பெண்ணுக்கு 6,250, ஆணுக்கு 23,800. அந்த எட்டு நாளையும் வீராங்கனைகள் தேர்ந்தெடுக்கவில்லை.

2023இல் உயர்நிலைப் பெண்கள் அணிகளின் குறைந்தபட்ச ஊதியம், ஆண்களின் இரண்டாம் நிலை அணிகளுக்கான 32,102 யூரோவை எட்டியது. அதற்குக் கீழே, 'கான்டினென்டல்' எனப்படும் அணிகளில் ஓடும் பெண்களுக்கு அப்போதும் குறைந்தபட்ச ஊதிய விதி கிடையாது. அவர்களில் பலர் வேறு வேலை பார்த்துக்கொண்டே பந்தயத்திற்குப் பயிற்சி எடுக்கிறார்கள்.